ஆயிரம் கட்டைக்கு அப்பால் ஒரு கரை

சாய்ந்தமருதில், கடற்கரைப் பக்கத்துச் சீதன வீட்டில் சுபைறா குடும்பம் நடத்துவது ஒரு கைபேசியோடுதான். கணவன் முஸ்தாக்குக்குக் கட்டாரில் ஒரு களஞ்சியத்தில் வேலை. கல்யாணம் முடித்து ஒரு வருடம் நிறையுமுன்பே விமானம் ஏறியவன், போகுமுன் அவளுடைய போனில் ஒரு விளையாட்டை இறக்கிக் கொடுத்தான்.

"சும்மா போன்ல கோல் எடுத்தா என்ன கதைக்கிறண்டு ரெண்டு பேரும் முழிப்பம் புள்ள. இதுக்குள்ள எண்டா சேர்ந்து நடக்கலாம்."

நடந்தார்கள். திரைக்குள் ஒரு தீவு, அதில் இரண்டு சின்ன உருவங்கள். அவனுடைய உருவம் பாலத்தில் ஏறும்போதெல்லாம் தண்ணீரில் விழும். அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். நடக்க நடக்கக் கதை தானாக வந்தது. பக்கத்து வீட்டுக் கோழி இவர்களுடைய வாளிக்குள் முட்டையிட்டது, அவனுடைய அறைக்காரன் சோற்றைக் கருக்கியது, எல்லாம் அந்தத் தீவில்தான் பேசப்பட்டன.

தீவு ஒரு நாள் நடந்து முடிந்துவிட்டது. எதிர்க்கரைக்குப் போகப் படகு வேண்டும். படகுக்கு ஆளுக்கு ஆயிரம் மரக்கட்டை வேண்டும். ஒரு கட்டைக்கு ஒரு நிமிடம் மரத்தை விரலால் தட்ட வேண்டும். வெட்டிய மரம் வெட்டிய இடத்திலேயே மறுபடி முளைக்கும்.

ஆரம்பத்தில் கதைத்துக்கொண்டே வெட்டினார்கள். கதைத்தால் தட்டுப் பிசகியது. பிசகினால் கட்டை போய்விடும். முதலில் அவன் மைக்கை அணைத்தான், பிறகு அவளும் அணைத்தாள். எப்போதாவது கோல் எடுத்தாலும் இதுதான்:

"எத்தின?"

"முந்நூறு. நீங்க?"

"கொஞ்சம் கூட. சரி, வெட்டு."

போகப் போக அவன் பிந்தி வந்தான். சில நாள் வெட்டிய பாதியில் அவனுடைய உருவம் கோடரியைத் தூக்கியபடி அப்படியே நிற்கும். தூங்கியிருப்பான்.

"அலுக்குது புள்ள. அங்கயும் பெட்டி தூக்கிறன், இங்கயும் மரம் வெட்டுறன்."

"இன்னம் கொஞ்சந்தானே. அந்தக் கரைக்குப் போனா பழையபடி நடக்கலாம்."

அதை அவள் நிஜமாகவே நம்பினாள். அங்கே போனால் அவன் மறுபடி தண்ணீரில் விழுவான், தான் சிரிப்பேன் என்று.

"அப்ப பெருநாளைக்குக் கடப்பம்," என்றான். "அஸர் தொழுதுட்டு வா. படகடியில நிற்பன்."

நோன்பு முழுக்க, மதியத்து லுஹருக்கும் பின்னேரத்து அஸருக்கும் நடுவில் அவள் வெட்டினாள். பெருவிரல் வீங்கியது. பிளாஸ்டர் ஒட்டினாள். போன் பிளாஸ்டரை மதிக்கவில்லை, விரலை மாற்றினாள்.

பக்கத்து வளவில் இருக்கும் தங்கை றஸ்னா வாசலில் நின்று கேட்டாள்: "என்ன ராத்தா, மச்சானோட குடும்பம் நடத்துறீங்களா, மரத்தோடயா?"

"மச்சானுக்காகத்தான்டி மரம்."

"நல்ல மச்சான்! விறகாவது வருமா வீட்டுக்கு?"

கடைசி நோன்பன்று ஆயிரம் நிறைந்தது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பெருநாள் சமையலுக்குக் குசினிக்குள் போனவள், அதன் பிறகு அன்று அதைத் தொடவேயில்லை. அரபு நாட்டில் பிறை ஒரு நாள் முந்தக்கூடும் என்பது இந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். அங்கே அன்றே பெருநாள்; காலையில் அவளே அவனுக்கு வாழ்த்தும் அனுப்பியிருந்தாள். ஆனால், "பெருநாளைக்கு" என்றால் யாருடைய பெருநாளைக்கு என்று மட்டும் இருவரில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் ஊரில் பெருநாள். அஸர் தொழுத கையோடு, புது உடுப்பைக்கூட மாற்றாமல் தீவுக்குள் போனாள். படகடியில் யாரும் இல்லை. அவன் விட்டுப்போன செய்தி மட்டும் இருந்தது.

"நேத்து பொழுதுபட்டு மஃரிபு வரைக்கும் நிண்டன் புள்ள. நோன்போட களைச்சிப் படுத்திருப்பாய்ண்டு கோல் எடுக்கல்ல. தனியக் கடந்து பார்த்தன். அங்கயும் மரந்தான். மூவாயிரம் கேக்கான். எனக்கு ஏலா. விளையாட்ட அழிக்கப் போறன்."

அவள் திரும்பவும் வாசித்தாள். பிறகு படகில் ஏறினாள். வெட்டியதை வீணாக்க மனம் வரவில்லை.

எதிர்க்கரை அழகாகத்தான் இருந்தது. மணல், சிவப்பு இலை மரங்கள், ஒரு பலகை. பலகையில் மூவாயிரம் என்று எழுதியிருந்தது. பாலம் எதுவும் கண்ணில் படவில்லை. பழக்க தோஷத்தில் விரல் ஒரு மரத்தைத் தட்டியது. அது விழுந்து, உடனே முளைக்கத் தொடங்கியது. அவள் விளையாட்டை மூடிவிட்டு அவனுக்குக் கோல் எடுத்தாள்.

"சொல்லு புள்ள."

பின்னால் பெட்டிகள் உருளும் சத்தம் கேட்டது. சொல்ல வேண்டியது நெஞ்சு நிறைய இருப்பதாக நினைத்துத்தான் எடுத்தாள். வாயில் வந்ததோ வேறு.

"எத்தின வெட்டினீங்க?"

"அத விடு. வேற என்னவும் சொல்லு."

வேறு என்ன? கோழி எப்போதோ அடைக்கு உட்கார்ந்து, குஞ்சுகளும் வளர்ந்துவிட்டன. அதை அவனுக்கு அவள் சொன்னதேயில்லை. இப்போது எங்கிருந்து தொடங்குவது?

"பெருநாள் வட்டிலப்பத்துக்குச் சீனி கூடிட்டு," என்றாள்.

"கூடிட்டா?"

"ஓம். கொஞ்சம்."

யாரோ அவனை அரபியில் கூப்பிட்டார்கள். "போன வைக்காத புள்ள, வாறன்," என்று போனை எங்கோ வைத்துவிட்டுப் போனான்.

போனுக்குள் பெட்டிகள் உருண்டுகொண்டிருந்தன. வீங்கிய விரல் சிவப்புப் பொத்தானில் தவறியும் பட்டுவிடாதபடி, அவள் போனை மறு கைக்கு மாற்றிக் காதோடு வைத்துக்கொண்டாள். அடுத்ததாகக் கோழியைச் சொல்ல வேண்டும்.