மேடையில் ஏழு நாற்காலிகள்

திண்டிவனத்தில் கராத்தே வகுப்பு நடத்திவந்த மாஸ்டர், குத்து, உதை, மல்யுத்தம் மூன்றும் கலந்த எம்.எம்.ஏ.வுக்கு மாறியது இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு. முதல் போட்டிக்கு அனுமதி கேட்டு அவர் காவல் நிலையம் போனபோது, உள்ளூர் நிருபரான நானும் அங்கே இருந்தேன்.

"சண்டைன்னா கேஸு போடணும். விளையாட்டுன்னா சங்கம் எங்கய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சங்கம் பதிவுசெய்ய ஏழு பேர் வேண்டும். மாஸ்டரிடம் களமிறங்கத் தயாராக இருந்தவர்கள் இரண்டே பேர். ஆகவே அரிசி ஆலைக்காரர், பாத்திரக்கடைக்காரர் என்று யாரையும் அடித்தறியாத ஏழு பேர் நிர்வாகிகள் ஆனார்கள். இனி மாநிலச் சங்கத்தின் அங்கீகாரம்தான் பாக்கி. சென்னையிலிருந்து ஒரு பார்வையாளர் வந்து, போட்டி ஏற்பாட்டைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான்.

கல்யாண மண்டப மேடையே களம். போலீஸ் அனுமதி மாலை ஆறு மணி வரை. எடையைக் குறைக்க வீரர்கள் இருவரும் முதல் நாளிலிருந்து பட்டினி கிடந்து, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியின் தராசில் ஏறித் தேறியிருந்தார்கள்.

நான்கு மணிக்கு நான் போனபோது, களத்தின் நடுவே ஏழு நாற்காலிகள். நிர்வாகிகளை மேடையில் உட்கார வைக்காமல் எங்கள் ஊரில் எந்த விழாவும் தொடங்கியதில்லை. ஆளுக்கொரு சால்வை, ஆளுக்கொரு உரை. வீரர்கள் கையுறையோடு மணமகள் அறையில் காத்திருந்தார்கள்.

ஐந்தரைக்கு ஐந்தாவது ஆள் பேசிக்கொண்டிருந்தார். வீரர்களில் ஒருவர், மண்டியில் மூட்டை தூக்குபவர், கதவுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"மாஸ்டர், ஜல்தி முடிக்கச் சொல்லுங்க. ஒடம்பு ஆறிக்கினு இருக்குது."

"இன்னும் ரெண்டு பேருதான்பா. பேச உடலைன்னா பதவியே வாணாம்னு போயிடுவாங்க. ஏழு பேரு இல்லைன்னா சங்கமே இல்ல."

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மாஸ்டர் வியர்க்க விறுவிறுக்க, முன்வரிசையில் இருந்த சென்னைப் பார்வையாளரிடம் ஓடினார். அவர் படிவத்தை நிரப்பி முடித்திருந்தார். தலைவர் உண்டா, செயலாளர் உண்டா, பேனர் உண்டா என்றே கேள்விகள். போட்டியைப் பற்றி ஒன்றே ஒன்று: களம் தயாரா? 'ஆம்' என்று எழுதியிருந்தார்.

"நிர்வாகம் பிரமாதம் மாஸ்டர். அங்கீகாரம் கொடுத்தாச்சு."

"சார், சண்டை?"

"இனிமே எப்ப வேணா நடத்துங்க. அதான் அங்கீகாரம் இருக்கே."

ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் மைக்கை அணைக்கச் சொன்னார். அப்போதுதான் நாற்காலிகள் இறங்கின. வீரர்கள் இருவரும் காலியான களத்தில் எதிரெதிரே உட்கார்ந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். விரல் திறந்த கையுறை என்பதால் கழற்றவும் இல்லை.

'எம்.எம்.ஏ. சங்கத்துக்கு அங்கீகாரம், விழா இனிதே நிறைவு' என்று விழுப்புரம் அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினேன். நிர்வாகிகள் ஏழு பேரின் பெயரும் சரிதானா என்று இரண்டு முறை கேட்டார்கள். யார் ஜெயித்தது என்று யாரும் கேட்கவில்லை.