ஞானாம்பாள் தேய்த்த கழுத்து

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்றாலே சுப்புராயன் நழுவப் பார்ப்பார். எண்ணெய்க்குப் பயந்து அல்ல, பெண்டாட்டிக்குப் பயந்து. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் ஓட்டுகிறவர் அவர். பிடரியில் காலர் உரசும் இடமெல்லாம் தடித்துக் கறுத்திருந்தது. டீசல் அழுக்கு என்பது ஞானாம்பாளின் தீர்ப்பு. பீர்க்கங்காய் நாரைக் கையில் எடுத்தால் அவர் கத்தும்வரை விடமாட்டாள். "மாடு கூட தேவலாம், தேச்சா வெளுக்குது" என்பாள். கறுப்பு அசைந்துகொடுக்கவில்லை.

2008இல் கரும்பு வெட்டு மும்முரமாக நடந்தபோது அவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்துக்கொண்டார். பிழைத்தவர் சும்மா இருந்தாரா? "நமக்கு சுகர் சுத்தமா கெடையாது" என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். அந்தத் தெம்பில் பழையபடி கரும்புச்சாறு, பரோட்டா என்று இறங்கிவிட்டார். ஞானாம்பாளுக்குத்தான் உள்ளூர உதறல். இன்னொரு தடவை வந்தால் இந்த மனுஷன் தாங்குவாரா?

சிதம்பரத்தில் மாலதி என்ற டாக்டரிடம் செக்கப்புக்குப் போனார்கள். டாக்டர் நெஞ்சைப் பார்க்குமுன் காலரை விலக்கிப் பிடரியையே உற்றுப் பார்த்தார். ஞானாம்பாளுக்கு மானமே போனது.

"எவ்ளோ தேச்சாலும் போவ மாட்டேங்குது டாக்டரம்மா."

"இது அழுக்கு இல்லம்மா. உள்ள நடக்கறது தோல்ல தெரியுது. வெறும் வயித்துல ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

மறுவாரம் ரிசல்ட் வந்தது. சர்க்கரை சரியாக இருந்தது. சுப்புராயன் மீசையில் கைவைப்பதற்குள் டாக்டர் தொடர்ந்தார்.

"சர்க்கரை சும்மா சரியா இருந்துடலீங்க. இன்சுலின் சொல்ற பேச்ச உங்க உடம்பு கேக்கல. அதனால கணையம் ரெண்டு மூணு பங்கு சுரந்து சமாளிக்குது. பல வருஷமா இப்படித்தான் ஓடியிருக்கும். அந்த அதிகப்படி இன்சுலின்தான் கழுத்துல கறுப்பாத் தெரியுது. அட்டாக் வந்தவங்களுக்கு இது ஜாஸ்தியா இருந்தா, மறுபடி வர்றதுக்கும் வாய்ப்பு ஜாஸ்தி."

"கணையம்னா?" என்றாள் ஞானாம்பாள்.

"இரைப்பைக்குப் பின்னால இருக்கும்மா. ஒரு சாண் கூட வராது."

ஞானாம்பாள் கையை விரித்துச் சாண் அளந்து பார்த்தாள். ஒரு சாண் கூட இல்லாத ஒன்று, இந்த மனுஷன் தின்ற அத்தனைக்கும் ஈடுகொடுத்து, ஒருநாள் லீவு கேட்காமல் மாரடித்திருக்கிறது. மாளாமல் கழுத்துவரை வந்து முறையிட்டும் இருக்கிறது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாமி புறப்பாட்டில்கூட அப்படி ஆனதில்லை.

அதன்பிறகு அவள் பாடு திண்டாட்டம், அவர் பாடு அதைவிட. சோறு பாதியானது. ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் நடக்கச் சொன்னாள். "என்னா மச்சான், டிராக்டர்ல டீசல் இல்லியா?" என்று கூட்டாளிகள் கிண்டலடித்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். தொந்தி கரைந்தது. பிடரியும் மெல்ல வெளுத்தது.

அடுத்த வருஷம் அதே ரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்து பார்த்துவிட்டு, "இன்சுலின் பாதியா கொறஞ்சிருக்கு. இப்படியே விடாம போங்க" என்றார் டாக்டர்.

வெளியே பெஞ்சில் நாலு பேர் பார்க்க, ஞானாம்பாள் கணவரின் மேல்வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள்.

"இத்தினி வருஷம் தனியா கெடந்து அல்லாடிட்ட. இனிமே செத்த நேரம் ஒக்காரு."

சுப்புராயன் விழித்தார். "ஒக்காந்துதான இருக்கேன்?"

"ஒங்களச் சொல்லல மாமா" என்றாள், வயிற்றிலிருந்து கையை எடுக்காமல்.