பிணம் எழுந்து சிரிக்க வேண்டும்

பாடையில் படுப்பதற்கு முன் ஃப்ளோரன்ஸ் அம்மாள் கால் நகங்களுக்குச் சாயம் பூசிக்கொள்வார். கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டும்போது காமிரா கிட்டே வரும். "மூஞ்சிய விட காலத்தான் ரொம்ப நேரம் காட்றானுங்க. அது அழகா இருக்க வேணாமா?" என்பார்.

சாந்தோம் மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்தவரை நாடகக் கம்பெனி 'மரகதவல்லி' என்று பெயர் மாற்றி மேடையேற்றியது. மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும் குரல், சினிமாவும் கூப்பிட்டது. கதாநாயகிக்கு அக்கா, பிறகு அம்மா, பிறகு மாமியார். எண்பதைத் தாண்டிய பின் மந்தைவெளி வீட்டுக்கு வருவதெல்லாம் பிண வேஷம்தான். வசனம் மறந்துவிடுகிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவர் மறப்பது, எதிர்வீட்டு ஜுவேரியா குழம்பு கொடுத்தனுப்பும் பாத்திரத்தைத் திருப்பித் தருவதை மட்டும்தான்.

பிண வேஷத்தை அவர் மறுப்பதில்லை. காரணம், சினிமாக்காரர்களின் ஒரு சம்பிரதாயம். பிணமாக நடித்தவர் கடைசியில் எழுந்து காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்தால்தான் திருஷ்டி கழியும். கதையில் அதைச் சேர்க்க மாட்டார்கள். ஆனாலும் காமிராவுக்குள் அவர் உயிரோடு போவது இப்போதெல்லாம் அந்தச் சிரிப்பில்தான். "அதுக்கோசரம்தான்டி அவ்ளோ நேரம் மூச்ச அடக்கிக்கினு கெடக்கறேன்" என்று ஜுவேரியாவிடம் சொல்லியிருக்கிறார். கேட்கப் பாவமாகத்தான் இருக்கிறது. முகத்தில் காட்டினால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

போன மாதம் தி. நகர் பங்களா ஒன்றில் சீரியல் படப்பிடிப்பு. இயக்குநர் பிரணவ் புதியவன். சாவுக் காட்சி முடிந்ததும் "பேக்கப்" என்றான். ஒப்பாரி வைத்தவர்கள் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். பிணம் மட்டும் எழவில்லை.

"அம்மா, ஷாட் ஓகே. எழுந்திருங்க."

"சிரிப்ப எடுக்காம எப்டிப்பா எழுந்துக்கறது?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

லைட்மேன் அப்துல் வஹீத் பிரணவின் காதில் விஷயத்தைச் சொன்னார். அவனுக்குச் சிரிப்பு வந்தது. காமிராமேனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, "ரோலிங்!" என்று உரக்கச் சொன்னான்.

ஃப்ளோரன்ஸ் அம்மாள் எழுந்து உட்கார்ந்தார். மூக்குப் பஞ்சை எடுத்தார். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சிரிக்கப் போகும்போதுதான் காமிராவைப் பார்த்தார். பதிவாகும்போது எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை.

பஞ்சைத் திரும்ப மூக்கில் செருகிக்கொண்டு, படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.