வளைவில் நின்ற மேப்பிள் மரம்

நுவரெலியாவின் கோல்ஃப் மைதானத்தடியில் நான் நின்றிருக்கிறேன் என்று மகளின் கலியாணப் பேச்சின்போது ஒருமுறை சொன்னேன். அது முழு உண்மை. வேலிக்கு எந்தப் பக்கம் நின்றேன் என்று எவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கத்தை எங்கள் கல்லூரி கற்பிக்கவும் இல்லை. பின்னாளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் முழுவதும் நான் கோல்ஃப் வீரனாக அறியப்பட்டது சம்பந்தியின், அதாவது மருமகனின் தகப்பனாரின், அயராத உழைப்பினால்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு கோடையில், புவாண்ட்-கிளேரில் மருமகன் வேலைபார்த்த அலுவலகம் கோல்ஃப் நாள் ஒன்றை நடத்தியது. குடும்பத்தினரும் வரலாம். என் புகழ் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. முதற்பந்தை நானே அடிக்க வேண்டுமென மேலாளர் முடிவு செய்திருந்தார்.

"மாமா, ஒரே ஒரு அடிதான். எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்," என்றார் மருமகன்.

ஆங்கிலேயப் பிரபுவின் மாளிகைப் பூங்காவைப் போல அமைத்த மைதானம் அது என்று மேலாளர் விளக்கினார். பிரபுவும் இல்லை, மாளிகையும் இல்லை. ஆண்டில் ஐந்து மாதம் பனிக்கடியில் கிடக்கும் நிலம். ஆயினும் வெட்டிய குளம் தானாக ஊறியதாகவும், கொட்டிய மண்மேடு படைப்புக் காலம் முதலே கிடப்பதாகவும் பாவனை செய்தன. மரங்கள் தற்செயலாக முளைத்தவைபோல் தனித்தனியே நின்றன. நேராகப் போக வேண்டிய புல்வழியை யாரோ வேலைமெனக்கெட்டு வளைத்திருந்தார். ஓரத்தில் மணற்குழிகள், பங்கர் என்கிறார்கள். எங்கள் ஊரில் குண்டு விழும்போது பங்கருக்குள் இறங்கினால்தான் உயிர் தப்பும். இங்கே இறங்கினால் மானம் போகும்.

இத்தனை நேர்த்தியான பொய்யை நான் மனமார மதித்தேன்.

மட்டையை வாங்கி, குனிந்து புல்லைத் தடவி, காற்றின் திசையை நெடுநேரம் ஆராய்ந்தேன்.

"சம்பந்தி, பந்து கீழ கிடக்கு," என்றார் கூட வந்திருந்த சம்பந்தி.

கல்லூரிக் கிரிக்கெட்டில் கற்ற ஒரே அடியை அடித்தேன். பந்து புல்வழியைத் துறந்து, வளைவில் நின்ற பெரிய மேப்பிள் மரத்தில் மோதி, அதனடிப் பங்கருக்குள் விழுந்தது. மருமகன் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளரோ கைதட்டினார். வளைவைச் சுற்றாமல் குறுக்கே தாண்டத் துணிபவரை மறிக்கவே அந்த மரத்தை அங்கே விட்டுவைத்தார்களாம். பயந்தவர்கள் அப்பக்கம் அடிப்பதே இல்லையாம்.

"அந்த மரத்துக்கு மேலால போகத்தான் அடிச்சனான்," என்றேன்.

"ஓம், ஓம்," என்றார் சம்பந்தி. "உங்கட பிழைக்கும் முன்னமே இடம் ஒதுக்கித்தான் வச்சிருக்கினம். இனி உள்ள இறங்கி, கிடக்கிற இடத்திலயிருந்து அடியுங்கோ. அதுதானாம் விதி."

என் முழங்காலில் வலி தொடங்கியது அந்த நிமிடத்தில்தான். வலது முழங்கால். கோல்ஃப் உலகம் என்னை இழந்தது அதனால்தான் என்று பார்க் எக்ஸ்டென்ஷனில் இன்றும் சொல்கிறார்கள். எந்த முழங்கால் என்று எவரும் கேட்பதில்லை. சம்பந்தி மட்டும், நான் படியேறும்போதெல்லாம், பின்னால் நின்று என் முழங்கால்களைக் கவனமாகப் பார்க்கிறார்.