கடைசி வளைவில் ஒரு விட்டுக்கொடுப்பு

நிமலினி ரீச்சரை யாரும் சண்டையில் வென்றதில்லை. அவர் சண்டை பிடிக்காதவர் என்பதுதான் காரணம். மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வளவு அவருடையது. முன்பள்ளியில் படிப்பிக்கிறார். ஊஞ்சலுக்காக இரண்டு பிள்ளைகள் பிடுங்குப்பட்டால் அதட்டமாட்டார். இரண்டில் எது இளகிய மனம் என்று பார்த்து, அதை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்க் காதுக்குள் ஏதோ சொல்லுவார். அந்தப் பிள்ளை திரும்பி வந்து தானாகவே ஊஞ்சலை விட்டுவிடும். மற்றது தான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு ஆடும்.

பெரியவர்களுக்கும் இதே வைத்தியம்தான். எனக்கும் அவருடைய கணவர் கொலின்சுக்கும் ஒருமுறை வேலிப் பிரச்சினை வந்தது. வேலிக் கதியால்களைப் பிடுங்கி மாற்றி நடும்போது என் பக்கம் ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டார் என்று நான் நின்றேன். இல்லவே இல்லை என்று அவர் நின்றார். மாதக்கணக்காக இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. ஒரு பின்னேரம் ரீச்சர் ஒரு தட்டில் பயற்றம் பணியாரத்தோடு வந்தார்.

"தம்பிஐயா அண்ணை, நீங்கள் பெரிய மனிசன். ஒரு சாண் மண்ணாலை உங்களுக்கு என்ன குறையப்போகுது?" என்றார்.

நான் விட்டுவிட்டேன். பணியாரமும் நன்றாகத்தான் இருந்தது. கொலின்சோ நான் சுயமாகத் திருந்திவிட்டேன் என்று நினைத்து, மறுநாள் வேலிக்கு மேலால் கை தந்தார். அன்றைக்குத் தொடங்கிய சிநேகிதம் இன்றுவரை நிற்கிறது. ஆகவே ரீச்சருடைய வழியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

கொலின்ஸ் ஒழுங்கை முகப்பில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறார். நாற்பது தாண்டிய மனிதர். பகல் முழுக்க ஊரார் வண்டிகளைத் திருத்துவார். மிச்ச நேரமெல்லாம் ரேஸ் என்று திரிவார். ஆவணி மாதத்தில் தொண்டைமானாற்றுப் பக்கம் கடல்நீரேரி வற்றிக் கிடக்கும் தரவையில் எங்கள் மோட்டார் விளையாட்டுக் கழகம் வருடாவருடம் போட்டி வைக்கும். சனிக்கிழமை தெரிவு ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை இறுதி. கொலின்ஸ் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. ஒரு வருடமும் வென்றதுமில்லை. இரண்டாவதாக வருவதில் மட்டும் அவரை அடிக்க ஆளில்லை என்று நான் பகிடி பண்ணுவேன். அவரும் சிரிப்பார். ஆனால் சிரிக்கும்போது கண் வேறெங்கோ பார்க்கும்.

சில வருடங்களாக அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தவன் வேறு யாருமில்லை, றொஷான்தான். ரீச்சரின் ஒரே தம்பி. தாய் இளவயதில் போனபின் ரீச்சர்தான் அவனை வளர்த்தெடுத்தார். அக்கா சொன்னால் கிணற்றுக்குள்ளும் குதிப்பான். அத்தானின் கராஜிலேயே புழங்கி, இருபத்திநாலு வயதில் அத்தானையே தூசு குடிக்க வைத்தான். கொலின்சுக்கு அதில் எரிச்சல் இருந்ததாக நான் ஒருநாளும் காணவில்லை. தோற்ற கையோடு அவனுடைய வண்டியையும் தானே கழுவிக் கொடுப்பார். 

போன ஆவணியில், முழங்கால் இனி இடம் தராது, இந்த முறையோடு ஓட்டத்தை விடுகிறேன் என்று கொலின்ஸ் சொல்லிவிட்டார். ஒரு தரமாவது முதலாவதாக வந்து நிறுத்தவேண்டும் என்பது அவருடைய ஆசை. வாய்விட்டுச் சொன்னவரில்லை. ஒழுங்கைக்கே தெரிந்த ஆசைக்கு வாய் எதற்கு?

சனிக்கிழமை தெரிவு ஓட்டத்தில் றொஷான் முதலாவதாக வந்தான். கொலின்ஸ் வெகுதூரம் பின்னால் வந்தார், ஆனாலும் இறுதிக்குத் தெரிவாகிவிட்டார். நான் கடைசி வளைவில் மஞ்சள் கொடி பிடிக்கிறவன். கழகத்தில் எனக்குத் தந்த பதவி அதுதான்: யாராவது விழுந்தால் கொடியை ஆட்டவேண்டும், விழாவிட்டால் வெயிலில் காயவேண்டும். ஓட்டம் முடிந்ததும் கொலின்ஸ் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த வளைவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உட்பக்கம் பள்ளமும் சேறுமாக இருந்ததால் எல்லோரும் வெளிப்பக்கத்தால்தான் சுற்றிப் போவார்கள். கொலின்சும் இத்தனை வருடமும் வெளியால்தான் போனவர்.

"அண்ணை, உள்பக்கம் இப்ப காய்ஞ்சு இறுகிப்போச்சு. ஒருத்தரும் கவனிக்கேல்லை," என்றார். "இண்டைக்கு நான் வேணுமெண்டுதான் மெல்ல ஓடினனான். நாளைக்குப் பாருங்கோ."

"ரீச்சருக்குச் சொன்னனீரோ?"

"இல்லை. வெண்டுபோட்டுச் சொல்லுவம்."

அந்த ஒரு சொல்லை அவர் அன்றைக்கு வீட்டில் சொல்லியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது.

அன்று பின்னேரம் றொஷான் அக்கா வீட்டில் சாப்பிட வந்தான். கொலின்ஸ் பின்வளவில் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ரீச்சருக்குத் தெரிந்ததெல்லாம், அவர் வெகுதூரம் பின்தங்கி வந்ததும், வந்து ஒரு சொல் கதைக்காமல் வண்டியோடு குந்திக்கொண்டதும்தான். புருஷன் மனமுடைந்து போனார் என்று முடிவுகட்டிவிட்டார். அங்கே நடந்த பேச்சு பிறகு எல்லோருக்கும் தெரியவந்தது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

"தம்பி, அக்கா ஒண்டு கேப்பன், செய்வியோ?"

"என்னக்கா?"

"நாளைக்கு அத்தானுக்கு விட்டுக்குடு."

றொஷான் புட்டைக் குழைத்த கையோடு நிமிர்ந்து பார்த்தான். "ரேசிலை எப்பிடியக்கா விட்டுக்குடுக்கிறது?"

"எனக்கு உந்த விளக்கமெல்லாம் தெரியாது. நீ சின்னப் பெடியன், உனக்கு வாற வரியம் இருக்கு. அவருக்கு நாளையோடை சரி."

"அத்தான் அறிஞ்சால் என்னை வெட்டிப்போடுவார்."

"ஆர் சொல்லப்போகினம்? நீயும் நானும்தானே."

அவன் புட்டை மறுபடி குழைத்துக்கொண்டு, "ஓம், சரியக்கா," என்றான்.

ஊஞ்சலில் அது சரிவரும். ஊஞ்சலில் பின்னால் யாரும் பாய்ந்து வருவதில்லை. ரேஸ் அப்படியல்ல. பின்னால் வருகிறவன் முன்னால் போகிறவனை நம்பித்தான் ஓடுகிறான். இவன் இந்த இடத்தில் வேகத்தை முறுக்குவான், இந்த இடத்தில் பிறேக் பிடிப்பான் என்ற நம்பிக்கையில்தான் ஒரு முழம் பின்னால் அந்த வேகத்தில் வரமுடிகிறது. எதிரிக்கு எதிரி வைத்திருக்கிற அந்த நம்பிக்கை ரீச்சருக்கு எப்படித் தெரியும்? அவர் பதினைந்து வருடமாகக் கயிற்றுக்கு வெளியே சாப்பாட்டுக் கரியரோடு நின்று, புருஷன் உயிரோடு வந்தால் போதும் என்று கர்த்தரை மன்றாடியவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடித்து அவர்கள் தரவைக்கு வந்து சேர்ந்தபோது சனம் நிறைந்துவிட்டது. கச்சான் கடலை வண்டிகள், ஐஸ்கிறீம் வான், காது கிழிக்கிற ஒலிபெருக்கி. பவுசர் தண்ணீர் தெளித்துவிட்டுப் போன சூட்டிலேயே மறுபடி தூசு கிளம்பியது. வல்வெட்டித்துறைப் பெடியன் லக்ஷனும் நன்றாக ஓடக்கூடியவன். அவனுக்கென்று இரண்டு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள்.

இறுதி ஓட்டம் தொடங்கியது. றொஷான் முன்னால், கொலின்ஸ் இரண்டாவது. வழமைதானே என்று நினைத்தேன். ஆனால் சுற்றுக்குச் சுற்று இடைவெளி குறைந்துகொண்டு வந்தது. கொலின்ஸ் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கடைசிச் சுற்றில் இரண்டு வண்டியும் ஒரே சத்தமாக என்னை நோக்கி வந்தன. லக்ஷன் கூப்பிடுதூரத்துக்கு அப்பால் வந்துகொண்டிருந்தான். 

அத்தான் வெளியால்தான் வருவார் என்று றொஷான் நினைத்தான். அவர் இத்தனை வருடமும் அப்படித்தானே வந்தவர். அவருக்கு வழி விட்டு, தான் சறுக்கிவிட்ட மாதிரிக் காட்ட வேண்டும் என்று, வளைவில் உட்பக்கம் இறங்கி, முறுக்கை விட்டு வேகத்தைக் குறைத்தான். அந்த இடத்தில் யாரும் முறுக்கை விடமாட்டார்கள். கொலின்ஸ் அதே உட்பக்கத்தால் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தார்.

மோதிய சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. தூசு அடங்கியபோது இரண்டு வண்டியும் வளைவோரத்தில் அடுக்கியிருந்த பழைய ரயர்களுக்குள் கிடந்தன. கொலின்சின் கால் இருக்கக்கூடாத விதத்தில் மடிந்து கிடந்தது. றொஷான் தோள்மூட்டைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் இருந்து, "அத்தான், அத்தான்," என்று அழுதான். நான் கொடியை ஆட்டிக்கொண்டே நின்றேன். லக்ஷன் எங்களைச் சுற்றிப் போய் வென்றான். அவனுடைய பஸ் ஆட்களே கைதட்டுவதா விடுவதா என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பின்னேரத்துக்கு முன் அந்தக் காட்சி ரொறொன்ரோ வரை போய்விட்டது. கைப்பேசியில் எடுத்தவன் எங்கிருந்து எடுத்தானோ, அதில் பார்த்தால் பின்னால் வந்தவர் முன்னால் போனவன்மேல் நேரே ஏற்றியது போலத்தான் இருந்தது. கிழட்டுப் பொறாமை என்றார்கள். மச்சான் வெல்லுவது பொறுக்காமல் இடித்துவிட்டார் என்றார்கள். லண்டனில் இருந்துகொண்டு ஒருவர், உவரைப் பிடித்து உள்ளுக்குப் போடவேண்டும் என்று எழுதினார். மோட்டார் சைக்கிளில் ஏறியே அறியாத மனிதர் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஒரே வாட். ரீச்சர் ஒரே சூப்பை இரண்டு கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோவார். நான் பார்க்கப் போயிருந்த அன்று, கட்டுப்போட்ட காலோடு கொலின்ஸ் அடுத்த கட்டில் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பின்னாலை வந்தவன் நான். என்ரை பிழைதான். என்னை மன்னிச்சுக்கொள்."

றொஷான் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கோபத்தில் திருப்புகிறான் என்று வாட்டில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ரீச்சர் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் சூப்புக் கோப்பையோடு நின்றார். சூப் ஆறிப்போவதைக் கண்டு நான்தான் வாங்கி வைத்தேன்.

சில கிழமை கழித்து வாசிகசாலை மண்டபத்தில் கழகம் விசாரணை வைத்தது. செயலாளர் ஜெயசுதன் நல்ல மனிதர்தான், ஆனால் வெளிநாட்டில் இருந்து வந்த தொலைபேசி அழைப்புகளில் களைத்துப்போயிருந்தார். றொஷான் கழுத்தில் தொங்கவிட்ட கையோடு, தலை கவிழ்ந்து இருந்தான். கேட்டதற்கெல்லாம் "தெரியாது" என்றான். 

"அண்ணை, நீங்கள் வேணுமெண்டு இடிச்சனீங்களோ, தவறி இடிச்சனீங்களோ?" என்று ஜெயசுதன் கொலின்சிடம் கேட்டார். "நாங்கள் வெளியிலை ஒரு முடிவு சொல்லோணும்."

"இடிச்சது நான். என்ன விதமாயெண்டாலும் சொல்லுங்கோ, நான் மறுக்கமாட்டன்," என்றார் கொலின்ஸ்.

அப்போதுதான் பின்வரிசையில் இருந்த ரீச்சர் எழும்பினார். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவரிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் தம்பியைக் கேட்டனான், அவருக்கு விட்டுக்குடு எண்டு. அவன் எனக்காகத்தான் அந்த இடத்திலை முறுக்கை விட்டவன். அவருக்கு ஒண்டும் தெரியாது."

பிறகு அந்தச் சனிக்கிழமைப் பேச்சை ஒரு சொல் விடாமல் சொன்னார். றொஷான் மேசையில் தலையை வைத்து அழுதான். மண்டபத்தில் எல்லோருக்கும் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. ஜெயசுதன் எழும்பி வந்து கொலின்சின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கழகம் அவருடைய பெயரைத் துடைத்து நாளைக்கே அறிக்கை விடும் என்றார். ஒவ்வொருவராக வந்து தோளில் தட்டினார்கள். கொலின்ஸ் எல்லோருக்கும் தலையாட்டினார். நான் அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குற்றத்தை ஒப்புக்கொண்டபோது நிமிர்ந்து இருந்த மனிதர், குற்றமில்லை என்றதும் சுருங்கிப்போய்விட்டார்.

திரும்பும்போது கொலின்சும் ரீச்சரும் நானும் ஒரு ஓட்டோவில் வந்தோம். கட்டுப்போட்ட கால் நீட்ட இடம் வேண்டும் என்று நான் சாரதியின் அருகில் ஒடுங்கிக்கொண்டேன். ரீச்சர்தான் முதலில் கதைத்தார்.

"இஞ்சாருங்கோ, என்னோடை கோவமோ?"

"இல்லை."

"சொன்னது பிழையோ? உங்களை எல்லாரும் எப்பிடிக் கதைச்சவை. எனக்குத் தாங்கேலாமல் போச்சு."

"சொன்னது பிழையில்லை." அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்கு நான் உள்பக்கத்தாலை வெளிக்கிட்டனான். சனிக்கிழமையே பாத்து வைச்ச இடம். அவனைப் பிடிச்சிருப்பனோ விட்டிருப்பனோ, இனி ஒருக்காலும் தெரியாது."

ரீச்சர் அழத் தொடங்கினார். "நீங்கள் வெல்லோணும் எண்டுதானே நான் கேட்டனான்."

"ஓம், எனக்குத் தெரியும்," என்றார் கொலின்ஸ். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நான் வெல்லோணும் எண்டு நினைச்சனீர். வெல்லுவன் எண்டு நினைக்கேல்லை."

ரீச்சர் கண்ணைத் துடைத்துவிட்டு, அவருடைய கட்டுப்போட்ட கால் குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மானிப்பாய் வரும்வரை விடவில்லை. வீட்டு வாசலில் நான் இறங்கி ஊன்றுகோலை நீட்டினேன். கொலின்ஸ் அதை வாங்கவில்லை. மனைவியின் தோளைப் பிடித்து எழும்பி, ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தோளில் இருந்து கையை எடுத்துவிட்டு, என்னிடம் இருந்த ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு தனியாகப் படலைக்குள் போனார்.