ரிமோட் இணையாத காரணம்

சர்க்கரை நோயால் என் மனைவியின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு, கூடத்தில் ஜன்னலோரமாக அவளுக்குக் கட்டில் போட்டோம். எதிரே டிவி. ஜோகூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு டிவி பாக்ஸ் வாங்கி அனுப்பினாள். உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. டிவிக்குப் பின்னால் செருகி வைஃபையில் சேர்த்துவிட்டால் நாடகம், சமையல், கோயில் திருவிழா எல்லாம் வந்தன. அதற்கென்று தனியாக ஒரு சின்ன ரிமோட். கட்டிலோரத்து ஸ்டூலில், மாத்திரை டப்பாவுக்கும் தண்ணீர் போத்தலுக்கும் நடுவில் அது எப்போதும் கிடக்கும்.

எனக்குக் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. காலை ஏழுக்குப் போனால் இரவு ஏழுவரை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருந்தேன். அவர் கணவருக்குக் கூலிம் டவுனில் சாப்பாட்டுக் கடை. தமிழ் முஸ்லிம் குடும்பம். என் மனைவியை அக்கா என்பார், என்னை அண்ணே என்பார். மதியத் தொழுகை முடிந்து, கடையிலிருந்து வரும் சோறு குழம்பில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்.

ஒரு லீவு நாள் காலையில் மனைவிக்கு முகம் கழுவிவிட்டு, டிவியைப் போடவா என்று கேட்டேன்.

"ரிமோட் ரொசாக் ஆயிருச்சிங்க, வேலை செய்யல" என்றாள்.

"எப்பலேருந்து?"

"ரெண்டு மூணு நாளாத்தான். பரவால்ல, வுடுங்க. எனக்கு அது ஒண்ணும் வேணாம்."

விட எனக்கு மனமில்லை. அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். புது பேட்டரி போட்டேன். டிவியில், ரிமோட்டைத் தேடுகிறேன் என்ற எழுத்து மட்டும் நின்றது. பாக்ஸின் மின்வயரைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து மறுபடி செருகினேன். அதே எழுத்து. மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, பாக்ஸ் பக்கத்துல ரிமோட்ட வச்சி, ரெண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குங்க. லைட்டு மின்னுதா?"

"மின்னல."

"நல்லா அமுக்குங்கப்பா. வுட்றாதீங்க."

"அமுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணுமில்ல."

பிறகு என் கைப்பேசியையே ரிமோட்டாக வைத்து உள்ளே போகச் சொன்னாள். போய்ப் பார்த்தால் பழைய ரிமோட்டின் பெயருக்கு நேரே, இணைப்பு இல்லை என்று இருந்தது. அதை அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கச் சொன்னாள். அழித்தேன். சேரவில்லை. "அப்ப ரிமோட்லதான்ப்பா கோளாறு. வேற வாங்கி அனுப்புறேன்லா" என்று வைத்துவிட்டாள்.

நான் தொழிற்சாலையில் பழுதான போர்டுகளைப் பிரித்துப் பார்க்கும் பகுதியில் இருப்பவன். கோளாறு எங்கே என்று தெரியாமல் ஒரு பொருளைக் கீழே வைக்க எனக்கு வராது. ரிமோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு மூலையில் மெல்லிய விரிசல். பேட்டரி மூடியை மறுபடி திறந்து உற்றுப் பார்த்தால் உள்ளே ஸ்பிரிங் ஒரு பக்கமாக நசுங்கி, பேட்டரியைத் தொடாமல் நின்றது. பட்டன்களின் இடுக்கில் கருப்பாக ஏதோ காய்ந்திருந்தது. குழம்பு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன்.

"கீழ போட்டியா இத?"

"கை தவறி வுழுந்திருக்கும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கட்டில் உயரத்திலிருந்து கை தவறி விழுந்தால் ஸ்பிரிங் இப்படி நசுங்காது. மேலே பாரம் விழுந்திருக்க வேண்டும். ஆனால் நான் அதற்குமேல் கேட்கவில்லை. சின்ன ஸ்குரூ டிரைவரால் ஸ்பிரிங்கை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா மதியச் சோற்றுப் பாத்திரத்தோடு உள்ளே வந்தார். என் கையைப் பார்த்தார்.

"அன்னிக்கி வுழுந்ததுல அதுவும் ஒடஞ்சிருச்சா?" என்றவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

"என்னிக்கி? யாரு வுழுந்தா?"

நான் எழுந்து மனைவியின் போர்வையை விலக்கி, கைலியை முழங்காலுக்கு மேலே தூக்கினேன். அவள் தடுக்கப் பார்த்தாள். ஆறிப்போயிருந்த காலின் முனையில் தையல் போட்ட இடம் பிளந்து, சுற்றிலும் கருநீலமாக வீங்கியிருந்தது. ஒரு பழைய துணியைச் சுற்றி வைத்திருந்தாள். முழங்கையிலும் நீளமாகச் சிராய்ப்பு. ரிமோட்டில் நான் சுரண்டியது என்ன என்று அப்போதுதான் புரிந்தது.

பக்கத்து வீட்டு அம்மா அழுதுகொண்டே சொன்னார். நான் வேலைக்குப் போன பிறகு, காலையிலேயே அவள் கட்டிலிலிருந்து விழுந்திருக்கிறாள். இவர் வந்து கதவைத் திறக்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறாள். தரையெல்லாம் நனைந்திருந்ததாம். தூக்கிக் கழுவி, வேறு துணி மாற்றிக் கட்டிலில் போட்டிருக்கிறார்.

"ஏம்மா, ஒங்களுக்காச்சும் எனக்கு ஒரு போன் போடத் தோணலியா?" என்று கத்தினேன்.

"சொன்னா இந்த வூட்டு வாசப்படி மிதிக்கக்கூடாதுன்னுட்டாங்க அண்ணே. நானும் வரலைன்னா அவங்களுக்கு யாரு?"

மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அவங்களத் திட்டாதீங்க. ஒங்ககிட்ட சொன்னா நீங்க வேலைய வுட்ருவீங்க. வேலைய வுட்டா கம்பெனி மெடிக்கல் போயிரும். அப்புறம் எனக்கு மருந்து எங்கேருந்து வரும்?"

அவள் சொன்னதில் தவறு இல்லை. காரை எடுத்துக்கொண்டு வந்தேன். நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்தோம். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், விஷம் மேலே ஏறிவிட்டது என்றார். அந்த வாரமே முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

வார்டில் ஒரு மாலை, அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, எப்படி விழுந்தாய் என்று கேட்டேன். அதுவரை கேட்கவில்லை.

"ரொம்ப நேரம் பட்டன தொடாம இருந்தா அந்தப் பாக்ஸ் நின்னுரும்ல. இன்னும் பாக்குறியான்னு கேக்கும். அப்ப ரிமோட் ஸ்டூல்ல தள்ளிக் கெடந்துச்சி. எட்டி எடுக்கப் போனேன். காலு இருக்குன்னு நெனச்சி ஊனிட்டேன்."

கஞ்சியை விழுங்கிவிட்டு மேலே சொன்னாள். "கீழ கெடக்குறப்பவும் ரிமோட் கையிலதான் இருந்துச்சி. நிக்குறப்பல்லாம் அமுக்குனேன். ஏதாச்சும் ஒரு கொரலு வூட்ல கேட்டா போதும்னு. அப்புறம் அது மேலயே பொரண்டுட்டேன் போல, அமுக்க அமுக்க வரல. டிவி சும்மா கெடந்துச்சி. அதுதாங்க எனக்குப் பயமாப் போச்சி."

நான் கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "ஊட்டுங்க, ஆறிரும்" என்றாள்.

நேரம் குறைந்த வேலை கேட்டுச் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். முதலில் முடியாது என்றார். பிறகு ஸ்டோரில் எட்டு மணி நேர வேலைக்கு மாற்றினார். சம்பளம் குறைந்தது, மெடிக்கல் போகவில்லை. கட்டில் கால்களை ரம்பத்தால் அறுத்து, தரையோடு தரையாகத் தாழ்த்தினேன். மகள் வேறு ரிமோட் அனுப்பினாள். அது பெட்டியைத் திறந்த உடனே இணைந்துகொண்டது. ஆனால் வீட்டுக்கு வந்தவள் டிவியை அதிகம் கேட்கவில்லை. போட்டால் பார்ப்பாள். பாதியில் கண்ணை மூடிக்கொள்வாள்.

மறு வருடம், தீபாவளிக்கு முன்பு, தூக்கத்தில் போய்விட்டாள். அப்போது நான் வீட்டில்தான் இருந்தேன், அடுப்படியில். ஒரு சத்தமும் கேட்கவில்லை.

அவளைக் குளிப்பாட்டப் பெண்கள் கூடியபோது பக்கத்து வீட்டு அம்மா வாசலிலேயே தயங்கி நின்றார். வேறு மதம், உள்ளே போகலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் போய், "வாங்கம்மா, நீங்க இல்லாமயா" என்றேன். தலையில் போட்டிருந்த துணியை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, "காலு இருந்த எடத்துல துணிய மடிச்சு வச்சிருக்கேன் அண்ணே, பாக்குறவங்களுக்குத் தெரியாது" என்றார்.