இரண்டு கதவுகளுக்கு அப்பால்

லண்டன் வால்தம்ஸ்டோவில் தமிழ்ப் பூசை நடக்கும் அந்தக் கத்தோலிக்கக் கோயிலில் பஸ்தியாம்பிள்ளையை முழுப்பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே 'பஸ்தி அண்ணை'. முதுகுக்குப் பின்னால் 'மைக்'. இந்த இரண்டாவது பெயரைத் தனக்கு வைத்ததே தான்தான் என்று அவர் சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் சிரிக்குமுன் தானே சிரித்து முடித்துவிடுவது அவருடைய வழக்கம். மூளை வைக்க வேண்டிய இடத்திலும் ஆண்டவர் தொண்டையையே வைத்துவிட்டார், பாவம், அன்றைக்கு அவருக்கு என்ன அவசரமோ என்பார்.

குரல் அப்படிப்பட்டது. பாடகர் குழுவில் முதலில் அவரை முன்வரிசையில் நிறுத்தினார்கள். பிறகு பின்வரிசையில். பிறகு தூணுக்குப் பின்னால். கடைசியில், "அண்ணை, நீங்கள் காணிக்கைத் தட்டைப் பாருங்கோவன்" என்று பக்குவமாகச் சொன்னார்கள். தட்டை ஏந்திக்கொண்டு நடந்தபடியே பாடினார். கோயில் பங்கில் நடந்த எந்தக் கலியாண வீடியோவைப் போட்டுப் பார்த்தாலும் பாட்டு வருகிற இடத்தில் ஊரே வாயசைக்கும், சத்தம் பஸ்தியாம்பிள்ளையுடையதாக இருக்கும். வீடியோ எடுக்கும் ஆனந்தராஜா ஒருமுறை கையெடுத்துக் கும்பிட்டே விட்டார்.

"அண்ணை, நீங்கள் வந்தா எனக்கு மைக் தேவையில்லை. ஆனா மற்றவையின்ர சத்தமும் எனக்குக் கொஞ்சம் வேணும்."

இதையெல்லாம் அவரே தன் எட்மண்டன் வீட்டில் வருவோர் போவோருக்கு நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பார். மனசாரச் சிரிக்க முடியாமல் போனது ஒரேயொரு தடவைதான். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு புரட்டாதியில், மகள் மெலனியின் கலியாணத்துக்குத் திகதி குறித்த அன்று, அவள் தேத்தண்ணிக் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"அப்பா, குறை நினைக்காதேங்கோ. என்ர வெடிங்கில மட்டும் நீங்கள் பாடாதேங்கோ. பிளீஸ்."

"அதுக்கென்ன பிள்ளை, வாய்க்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லி அவர் சிரித்தார். அவள் போன பிறகு தேத்தண்ணி ஆறிப்போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மணப்பெண் மாதா பீடத்தில் பூச்செண்டை வைக்கும்போது பாடுகிற பாட்டு ஒன்று உண்டு. மெலனி கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அந்தப் பாட்டைப் பாடித்தான் அவளை நித்திரையாக்கினார். நித்திரையாக்கவில்லை, நித்திரையால் எழுப்பினார் என்பாள் மனைவி மெற்றில்டா. எப்படியானாலும், அதை அவளுடைய கலியாணத்தில் பாடவேண்டும் என்று இருபத்தைந்து வருடமாக ஆசைப்பட்டிருந்தார். அந்த ஆசைக்குத்தான் மகள் தடை போட்டாள். அவருக்கு உள்ளுக்குள் நன்றாக வலித்தது.

அந்தக் கார்த்திகையில்தான் பாட்டுக்காரர் வந்து இறங்கினார்கள்.

பஸ்தியாம்பிள்ளை கோயில் மண்டபத்தின் கேர்டேக்கர். மண்டபத்தை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்தவர்கள் நாலு பேர். ஸ்கொட்லாந்துக்காரர் இருவர், ஜப்பான்காரர் இருவர். மரத்தரை இருப்பதால் சத்தம் நன்றாக விழுகிறதாம். ஒரு முழு இசைத்தட்டையே அங்கே பதிவு செய்யப்போகிறார்களாம். ஃபிரேசர் என்ற நெடுவல் பொடியன் பேசிய இங்கிலீஷில் அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கூட வந்த சயோக்கோ என்ற பெண்தான் அந்த இங்கிலீஷை அவருக்கு இங்கிலீஷில் மொழிபெயர்த்தாள். லண்டனில் இருபது வருடம் குப்பை கொட்டியும் இதற்கு ஒரு ஜப்பான்காரி வேண்டியிருக்கிறதே என்று தன்னைத்தானே நொந்துகொண்டார்.

பிறகு அவர்கள் பாடத் தொடங்கினார்கள். கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைப் பிடித்தபடி நின்று கேட்ட பஸ்தியாம்பிள்ளைக்குப் பரிதாபமாகப் போய்விட்டது. சயோக்கோவின் வாய் அசைகிறது, சத்தத்தைக் காணவில்லை. ஃபிரேசரோ காய்ச்சல்காரன் தண்ணீர் கேட்பதுபோல முனகுகிறான். குளிர் நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள், மண்டபத்து ஹீட்டரும் சரியில்லை, இரண்டு பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது என்று முடிவு கட்டினார். மறுநாள் காலையில் கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் போட்டு அவித்து, பெரிய பிளாஸ்கில் கொண்டுபோய்க் கொடுத்தார். நாலு பேரும் நன்றி சொல்லிக் குடித்துவிட்டு, முந்தின நாளைப் போலவே பாடினார்கள். அடுத்த நாள் மிளகைக் கூட்டினார். ஃபிரேசருக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர குரல் வரவில்லை.

"உங்களுக்குச் சுகமில்லையா?" என்று கடைசியில் கேட்டே விட்டார்.

சயோக்கோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாங்கள் பாடுவதே இப்படித்தான்" என்றாள்.

இரண்டு நாளாகச் சுகமாயிருக்கும் மனிதர்களுக்கு மருந்து கொடுத்த தன் கெட்டித்தனத்தை எண்ணி, அவர் கழிவறையைக் கழுவப் போனார். அந்த வெட்கத்தில் தன்னை மறந்து பாடியும் விட்டார். அதே மாதா பாட்டு. ஓடிவந்த காலடிச் சத்தம் கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். வாசலில் நாலு பேரும் நின்றார்கள். தங்கள் பாட்டொன்றின் முடிவில் அந்த மெட்டை அவர் பாடித் தரவேண்டுமாம்.

மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவர் வாய் திறந்ததும் ஹெட்போன் போட்டிருந்தவன் அதைக் கழற்றி எறிந்தான். குரலைக் குறைத்துப் பாடிப் பார்த்தார். பலூனில் காற்றுப் போவதுபோல் வந்தது.

"வேண்டாம், குறைக்காதீர்கள்" என்றாள் சயோக்கோ. "குரல் அப்படியே இருக்கட்டும். நீங்கள் தள்ளிப் போங்கள்."

மண்டபத்தின் கடைசிக்குப் போனார். போதாது. கதவுக்கு வெளியே நடையில் நின்றார். அதுவும் போதாது. நடைக்கு அப்பால், கோயிலுக்கும் மண்டபத்துக்கும் நடுவே, கதிரைகள் அடுக்கும் அறை ஒன்று இருந்தது. அதற்குள் போய், இடையில் இருந்த இரண்டு கதவுகளையும் சாத்திவிட்டுத் தொண்டை கிழியப் பாடினார். அப்போதுதான் சரியாக வந்தது என்றார்கள். ஆங்கில இசைத்தட்டில் தன்னைச் சேர்த்தார்கள், ஆனால் அறைக்குள் சேர்க்கவில்லை என்று அவர் பங்கு முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

சித்திரையில் இசைத்தட்டு தபாலில் வந்தது. அட்டையின் பின்புறத்தில், 'பஸ்தி: குரல், இரண்டு கதவுகளுக்கு அப்பால்' என்று போட்டிருந்தது. வீட்டில் எல்லோரும் கூடியிருந்து கேட்டார்கள். மெற்றில்டாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கே கேட்கவில்லை. மெலனி மட்டும் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டாள்.

"இருக்குது அப்பா. எங்கயோ தூரத்தில. வடிவாயிருக்கு" என்றாள். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்து, "ஆனா வெடிங்கில பாடமாட்டன் எண்டு சொன்னனீங்கள், ஓம்தானே?" என்றாள்.

"ஓம் பிள்ளை. கோயிலுக்குள்ள வாயே திறக்கமாட்டன்."

ஆனியில் கலியாணம். மகளைக் கைபிடித்துப் பீடத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் விட்டார். முன்வரிசையில் மெற்றில்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டுக்கும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். தாலி கட்டி முடிந்தது. மெலனி பூச்செண்டோடு மாதா பீடத்தை நோக்கித் திரும்பினாள். குழு அந்தப் பாட்டைத் தொடங்கப்போகிறது. பஸ்தியாம்பிள்ளை எழுந்தார். பக்கக் கதவால் வெளியேறினார். கழிவறைக்குப் போகிறார், பாவம், வயசு என்று பின்னால் இருந்தவர்கள் நினைத்தார்கள்.

அவர் கதிரை அறைக்குள் போனார். கோயில் பக்கம் இருந்த இரண்டு கதவுகளையும் சாத்தினார். புது கோட்டின் பொத்தானைக் கழற்றிவிட்டு, அடுக்கிய கதிரைகளுக்கு நடுவே நின்று, இருபத்தைந்து வருட ஆசையையும் சேர்த்துப் பாடினார்.

மண்டபத்தில் சாப்பாட்டு மேசைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த சுசிலா, என்னவோ விழுந்து நொறுங்கிவிட்டது என்று பதறி ஓடி வந்தாள்.

"அண்ணை! அங்கை மகளின்ர கலியாணம் நடக்குது. நீங்கள் இஞ்ச நிண்டு கதிரையளுக்குப் பாடுறியள்!"

"கதிரையள் குறை சொல்லாது பிள்ளை" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

திரும்பி வந்தபோது மெலனி மாதா பீடத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முதுகுதான் தெரிந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எந்த நேரத்தைப் பார்க்க இத்தனை வருடம் காத்திருந்தாரோ, அந்த நேரத்தில் அவர் அங்கே இல்லை. மகள் மாதா முன்னால் முழந்தாளிட்டதை ஊரே பார்த்தது, பெற்ற தகப்பன் பார்க்கவில்லை. சரியான விசரன் நான் என்று தன்னைத் திட்டிக்கொண்டார். இம்முறை சிரிப்பதற்காகத் திட்டவில்லை.

சில கிழமை கழித்து ஆனந்தராஜா வீடியோவை வெட்டி ஒட்டி, காட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தார். மெலனியும் மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். மாதா பீடத்துக் காட்சி வந்தது. மெலனி முழந்தாளிட்டிருக்கிறாள். குழு பாடுகிறது. அதற்கு அடியில், எங்கேயோ சுவருக்குள்ளிருந்து வருவதுபோல் இன்னொரு குரல். திரையில் மெலனி தலையை நிமிர்த்தினாள். பக்கக் கதவுப் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்து வழிய, வாய்விட்டுச் சிரித்தாள்.

பஸ்தியாம்பிள்ளை அதை இப்போதுதான் பார்த்தார்.

ஆனந்தராஜா வீடியோவை நிறுத்தினார். "அந்தத் தூரச் சத்தம் இருக்குதே... எவ்வளவோ கவனமா இருந்தும் அண்ணை உள்ளுக்கு வந்திட்டார். கழட்டிவிட ஏலும் பிள்ளை. கழட்டவோ?"

"வேண்டாம் அங்கிள்" என்றாள் மெலனி. "கொஞ்சம் கூட்டி விடுங்கோ."

பஸ்தியாம்பிள்ளை எழுந்து குசினி வாசலுக்குப் போனார்.

"மெற்றில்டா, கொஞ்சம் மல்லித்தண்ணி வையுமன். தொண்டை ஒரு மாதிரி இருக்கு."

மெற்றில்டா அடுப்படியிலிருந்து தலையைத் திருப்பினாள். "என்ன சொன்னனீங்கள்? கேக்கேல்லை" என்றாள்.